பங்காளிகளா, பங்கேற்பவர்களா? தருமபுரி மண்ணில் பங்குச் சமூகம் வளர்ந்த வரலாறு



ஓர் ஆலயத்தைச் சுற்றிக் கூடிவாழும் நம்பிக்கைச் சமூகத்தைக் குறிக்கக் கத்தோலிக்கத் தமிழர் ‘பங்கு’ என்னும் சொல்லை வழங்கி வருகின்றனர். பொருள் பொதிந்த சொல் இது. ஒரு முழுமையிலிருந்து ஒருவருக்குச் சேரவேண்டிய பாகம் என்பது அதன் முதற்பொருள். அச்சொல்லிலிருந்து இரண்டு பாதைகள் கிளைக்கின்றன. ஒன்று ‘பங்கேற்றல்’, மற்றொன்று ‘பங்காளி’. ஒரே முன்னோரின் சொத்துக்கு உரிமை உடையவர்களே பங்காளிகள். அவர்களுக்கிடையே எழும் வழக்கு எத்தனை தலைமுறைகள் நீளும் என்பதை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. ஒரே திருமுழுக்கால் பிறந்து, ஒரே தந்தையின் உரிமைப்பேற்றுக்கு உரியவர்களான நாம், அந்தப் பேற்றில் பங்கேற்பவர்களாக வாழ்கிறோமா, அல்லது அதைப் பிரித்துக்கொள்ள வழக்காடும் பங்காளிகளாக வாழ்கிறோமா? இவ்வாரம் இந்த வினாவை நம் தருமபுரி மண்ணின் திருச்சபை வரலாற்றின் ஒளியில் சிந்திப்போம்.

குருவானவர் அரிதாக வந்த காலம்

இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் அடங்கிய நிலப்பரப்பின் பெரும்பகுதி முற்காலத்தில் ‘பாராமகால்’ என வழங்கப்பட்டது. கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைத்தொடர்களும், மேற்கே காவிரி பாயும் காடுகளும், வடக்கே மைசூர் மேட்டுநிலமும் சூழ்ந்த வறண்ட நிலம் இது. இதன் தென்புற வாசலாகிய சேலத்திற்கு 1623-ஆம் ஆண்டில் தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி, மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின், இயேசு சபையைச் சேர்ந்த லெயோனார்தோ சின்னமி அடிகளார் சீரங்கப்பட்டணத்தை மையமாகக் கொண்டு மைசூர் மறைப்பணித்தளத்தைத் தொடங்கினார். தெற்கே மதுரைப் பணித்தளம், வடக்கே மைசூர்ப் பணித்தளம் என இரு ஊற்றுகளிலிருந்து பாய்ந்த நற்செய்தி நீரால் சேலம், தருமபுரிப் பகுதிகளின் கிறிஸ்தவம் தழைத்தது.

அந்நாள்களில் ஒரு குருவானவரின் பொறுப்பில் இருந்த நிலப்பரப்பு இன்றைய மறைமாவட்டம் ஒன்றைவிடப் பெரியதாக இருந்தது. ஓர் ஊருக்கு அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. போர், கொள்ளை, பஞ்சம், காய்ச்சல் ஆகியவற்றால் அந்த ஒருமுறையும் தவறிப்போன ஆண்டுகள் பல. அப்படியிருக்க, எஞ்சிய மாதங்களில் அந்த ஊர்களில் திருச்சபை எங்கே இருந்தது?

அது உபதேசியாரின் நாவிலும், வீட்டுத் தாய்மாரின் நினைவிலும் இருந்தது. ஞாயிறுதோறும் ஊராரைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுப்பதும், மரணத் தறுவாயில் இருந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும், இறந்தோரை இறைவேண்டலோடு அடக்கம் செய்வதும், பகைத்து நின்ற குடும்பங்களை ஒப்புரவாக்கிக் குருவானவரின் வருகைக்கு ஆயத்தம் செய்வதும் உபதேசியாரின் பணிகள். ‘வேதியர்’ என்றும் அழைக்கப்பட்ட இவர்களை உருவாக்குவது எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்ந்தே, வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை அவர்களுக்கென்றே இயற்றினார். காப்பியம் பாடிய அப்பெரும் புலவர், ஊர்ப்புற உபதேசியாரின் அன்றாட வாழ்வை நெறிப்படுத்தவும் தம் எழுதுகோலை எடுத்தார். உபதேசியாரின் ஆன்மா பண்படாவிட்டால் ஊரின் ஆன்மா பண்படாது என்பதே அதன் காரணம்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கோவிலூர் போன்ற நம் பழைய கிறிஸ்தவ ஊர்களை ஒன்றாகக் கட்டியது செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. ஒரே சொற்களால் அமைந்த பொதுச் செபமே. காலையிலும் மாலையிலும் சொல்லப்பட்ட மன்றாட்டுகள், மனப்பாடமாகக் கற்ற ஞானோபதேசக் கேள்வி பதில்கள், செபமாலை, தவக்காலத்துச் சிலுவைப்பாதை ஆகியவை எழுத்தறியாத மக்களுக்கும் உரிய பொதுச்சொத்தாயின. அந்தச் சொத்தை எவராலும் பாகம் பிரிக்க இயலவில்லை.

சோதனையும் ஒரு தவறான கணிப்பும்

1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். அச்சபையினர் தாங்கிவந்த தமிழகப் பணித்தளம் 1776-இல் புதுச்சேரியில் இருந்த பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய பணியாளர்கள் நிலைகொள்ளும் முன்பே இருபெரும் இடர்கள் நேர்ந்தன. ஐரோப்பாவில் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி புதிய குருக்களின் வருகையைத் தடுத்தது. இங்கோ மைசூர்ப் போர்களின் படைகள் பாராமகாலின் கணவாய்கள் வழியே மாறிமாறிக் கடந்து சென்றன. 1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீடு அதன் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரிமுறையை வகுத்தார்.

அதே 1792-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டவர் அபே துபுவா அடிகளார். சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்குச் சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்டினார். நிலமற்றோருக்கு உழவுக் குடியிருப்புகள் அமைத்தார். அம்மைத் தடுப்பூசியை மைசூர் நாட்டில் பரப்பினார். தன்னலமற்ற உழைப்பாளர் அவர். எனினும், முப்பது ஆண்டுகளின் முடிவில் மனம் சோர்ந்தவராய் 1823-இல் பிரான்சு திரும்பினார். அவ்வாண்டே இலண்டனில் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பு, இந்நாட்டில் கிறிஸ்தவம் வளர வழியில்லை, அது தேய்ந்துகொண்டே போகிறது என்ற முடிவை உலகுக்கு அறிவித்தது.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குருக்கள் குறைவு, ஆலயங்கள் இடிந்திருந்தன, மக்கள் சிதறியிருந்தனர். ஆனால், அவருடைய கணக்கில் அடங்காத ஒன்று ஊர்களில் எஞ்சியிருந்தது. மாலையில் விளக்கேற்றியபின் பிள்ளைகளை அமரவைத்துச் செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரையும், கூலியின்றி உழைத்த உபதேசியார்களையும் எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? அவர் கணித்த முடிவு வரவில்லை. அவர் சென்று நூற்றேழு ஆண்டுகளுக்குள் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தனி மறைமாவட்டமே எழுந்தது. புறத்தே தெரியும் நிறுவனம் தளர்ந்த காலத்தில் அகத்தே வேரோடியிருந்த இறைவேண்டல் திருச்சபையைக் காத்தது.

மறைக்க இயலாத தழும்பு

வரலாற்றை நேர்மையாக வாசிப்பவர் மற்றொரு பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். நம் முன்னோர் செபத்தில் ஒன்றாயிருந்தனர். அமர்ந்த இடத்தில் ஒன்றாயிருக்கவில்லை. சமூகத்தின் படிநிலைகளைத் தாண்ட முடியாத நிலையில், தொடக்ககால மறைப்பணியாளர்கள் பண்டாரசாமிகள் எனத் தனிப் பிரிவினரை ஏற்படுத்தினர். மலபார்ச் சடங்குகள் பற்றிய நீண்ட விவாதத்தின் முடிவில், 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப் பணியாளர்களை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு இடமளித்தது. அருள்பணி அம்மக்களைச் சென்றடைய அது உதவியது. பிளவோ அப்படியே நின்றது.

தென்தமிழகத்தின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், வெவ்வேறு சாதியினர் தனித்தனியே நின்று ஒரே பீடத்தை நோக்கும்படி இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. இடையில் இருந்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. கல்லால் ஆன தடுப்பு கண்ணுக்குத் தெரிந்ததால் அதை இடிக்க முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் வீதியிலும், திருவிழாவின் முதல் மரியாதையிலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும் எழும்பி நிற்கும் தடுப்புகளைக் கடப்பாரையால் இடிக்க இயலாது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், சாதியின் பெயரால் நிகழும் எந்தப் பாகுபாடும் உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கும் மெய்யான ஆன்மீகத்துக்கும் எதிரானது என்று வலியுறுத்த வேண்டியிருந்தது. தெ நொபிலி சேலத்திற்கு வந்து 380 ஆண்டுகள் கடந்தபின் கூறப்பட்ட அறிவுரை இது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் மாவட்டத்தின் அண்மை வரலாறும் நம் மனச்சான்றைத் தட்டுகிறது. 2012 நவம்பர் 7-ஆம் நாள், ஒரு கலப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரிக்கு அருகிலுள்ள நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் நாமும் ஞாயிறு காலையில் ஆலயத்திற்குள் நுழைகிறோம். வெளியே கழற்றி வைப்பது காலணியை மட்டுமா என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எல்லைகள் மாறிய நூற்றாண்டு

1930 மே 26 அன்று சேலம் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்று ஆட்சிப்பகுதிகளிலிருந்து பிரிக்கப்பட்ட நிலங்கள் அதில் இணைந்தன. ஆயர் ஹென்றி பிரூனியே முதல் ஆயராகப் பொறுப்பேற்றார். வெவ்வேறு ஆயர்களின்கீழ், வெவ்வேறு பழக்கங்களில் வளர்ந்த மக்கள் ஒரே ஆயரின் மேய்ப்பில் ஒன்றாகக் கற்றுக்கொண்டனர்.

1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997 சனவரி 24 அன்று சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் உதயமாயிற்று. தருமபுரி நகரின் தூய இருதய ஆண்டவர் ஆலயம் பேராலயமானது. சலேசிய சபையைச் சேர்ந்த ஆயர் சோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயராகவும், 2014 முதல் ஆயர் லாரன்ஸ் பயஸ் இரண்டாம் ஆயராகவும் பொறுப்பேற்றனர். 2004-இல் கிருட்டிணகிரி தனி வருவாய் மாவட்டமானபோதும், மறைமாவட்டம் இரு மாவட்டங்களையும் தழுவி ஒன்றாகவே நிற்கிறது. அரசின் எல்லைக்கோடு திருப்பலிப் பீடத்தைப் பிரிக்கவில்லை.

இந்த மறைமாவட்டத்தின் இயல்பையும் நாம் உணர வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். அரூர், பென்னாகரம் பகுதிகளில் மலையடிவார உழவர்கள். ஓசூரிலோ பல மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறியவர்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்பு தேடிச் செல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம். திருவிழாவிற்கு மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகளைக் கொண்ட பங்கில் ஒன்றிப்பை எவ்வாறு கட்டியெழுப்புவது? அன்றைய வினா, குருவானவர் இல்லாத ஊரில் நம்பிக்கையைக் காப்பது எப்படி என்பது. இன்று ஆலயமும் குருவானவரும் இருக்கின்றனர், மக்கள் சிதறியிருக்கின்றனர்.

சங்கமும் அன்பியமும்

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையை இறைமக்கள் சமூகமாகக் காண நம்மை அழைத்தது. திருப்பலி தமிழில் ஒலித்தது. பீடத்தருகே பொதுநிலையினர் வாசகம் வாசித்தனர். 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நூற்றாண்டுகளாகச் செவிவழியே கேட்டுவந்த மக்களின் கைகளில் இறைவார்த்தை நூலாகத் தவழ்ந்தது.

1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்களின் பேரவை, திருச்சபையைச் சமூகங்களின் ஒன்றிப்பாகவும் அனைவரும் பங்கேற்கும் திருச்சபையாகவும் வாழ அழைத்தது. அந்த வழியிலேயே தமிழகத்தில் ‘அன்பியம்’ வளர்ந்தது. அண்மையில் வாழும் இருபது, முப்பது குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருப்பெற்ற ஏழுபடி நற்செய்திப் பகிர்வு முறையைக் கையாள்கின்றன. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை மீண்டும் உரைத்தல், அமைதி காத்தல், பகிர்தல், ஆற்றவேண்டிய செயலைத் தீர்மானித்தல், இறைவேண்டல் என்பன அந்த ஏழு படிகள்.

இம்முறை பழைய உபதேசியார் மரபின் புதிய தளிர் என்றே கூறலாம். அன்று ஒருவர் சொல்ல ஊர் திருப்பிச் சொன்னது. இன்று ஒவ்வொருவரும் தம் வாழ்வோடு இறைவார்த்தையை இணைத்துப் பேசுகின்றனர். எனினும், ஆறாம் படியை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். பகிர்வு முடிகிறது, பாடல் பாடப்படுகிறது, தேநீர் அருந்திக் கலைகிறோம். ‘இவ்வாரம் நாம் சேர்ந்து யாருக்காக எதைச் செய்யப்போகிறோம்?’ என்ற கேள்வி பதிலின்றி நிற்கிறது. செயலில் கனியாத செபக்கூட்டம் நாளடைவில் உறவினர் கூட்டமாகச் சுருங்கிவிடும். ஒரே தெருவினர், ஒரே சாதியினர் மட்டுமே அமையும் அன்பியம், பிளவைப் போக்க வந்த மருந்தைக்கொண்டே பிளவை வளர்க்கும் ஆபத்தும் உண்டு.

எருசலேமில் எழுந்த முணுமுணுப்பு

தொடக்கத் திருச்சபையும் இத்தகைய சிக்கலைச் சந்தித்தது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. மொழியாலும் மரபாலும் விளைந்த பிளவு அது. திருத்தூதர்கள் முறையிட்டோரைக் கலகக்காரர் என்று அதட்டவில்லை. சபை முழுவதையும் கூட்டினர். எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே உள்ளன. குறைப்பட்ட தரப்பினர் கையிலேயே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அப்பெயர்கள் உணர்த்துகின்றன. அதன் பின்னரே இறைவார்த்தை மேலும் பரவியதாக லூக்கா எழுதுகிறார்.

கொரிந்து நகரிலோ வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டனர்; இல்லாதோர் பசித்திருந்தனர். அப்படிப்பட்ட கூட்டத்தை ஆண்டவரின் திருவிருந்து என்று அழைக்கப் பவுலடியார் மறுத்தார். சகோதரனைப் புறந்தள்ளிவிட்டு நற்கருணையை அணுகுவது தன்மீதே தீர்ப்பை வரவழைத்துக்கொள்வதாகும் என்பது அவர் எச்சரிக்கை. ஒன்றிப்பும் ஆன்மீக உருவாக்கமும் தனித்தனியே நடைபெறும் இரு பணிகள் அல்ல என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. பந்தியில் நாம் ஒருவரையொருவர் நடத்தும் முறையே நம் செபத்தின் உரைகல்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கி 2024 அக்டோபரில் நிறைவு செய்த கூட்டொருங்கியக்க மாமன்றமும் இதே பாடத்தையே முன்வைத்தது: சேர்ந்து நடப்போம், அதற்கு முன் செவிமடுப்போம். பேரவைக் கூட்டத்தில் எப்போதும் பேசுபவர் சற்று மௌனம் காக்கவும், என்றும் பேசாத கிளைக்கிராமத்துப் பெண் வாய்திறக்கவும் இடம் உண்டானால், மாமன்றம் நம் பங்கை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்வாரச் சிந்தனைக்கு

அன்புக்குரியவர்களே, நம் வரலாறு மூன்று கடமைகளை நம் கையில் தருகிறது.

முதலாவது, இல்லச்செபம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அரைமணி நேரம் ஒதுக்கி வைத்து, பிள்ளைகளுக்குச் செபம் கற்பியுங்கள். வெளியூரில் வேலை செய்யும் மகனும் மகளும் அதே நேரத்தில் கைப்பேசி வழியே இணையட்டும். அன்று ஒருமித்த சொல்லே சிதறிய ஊர்களை இணைத்தது. இன்று சிதறிய வீடுகளையும் அதுவே இணைக்கும்.

இரண்டாவது, அன்பியத்தின் ஆறாம் படி. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு செயலைத் தீர்மானியுங்கள். நோயுற்ற முதியவரைச் சந்திப்பதோ, பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்குத் துணை நிற்பதோ, எதுவாயினும் அது உங்கள் உறவின் எல்லைக்கு வெளியே உள்ளவருக்காக இருக்கட்டும்.

மூன்றாவது, ஒப்புரவு. இந்த ஞாயிறு சமாதான வாழ்த்துக் கூறும் வேளையில் பக்கத்தில் இருப்பவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நீங்கள் பேசாதிருக்கும் ஒருவர் அதே ஆலயத்தில் இருப்பார். திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் அவரைத் தேடிச் செல்லுங்கள். முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள்.

இறைவேண்டல் செய்வோமாக: எங்கள் முன்னோரின் நாவில் இறைவேண்டலாக வாழ்ந்த ஆண்டவரே, குருவானவர் இல்லாத காலத்திலும் உம் மந்தையைக் காத்த உமக்கு நன்றி கூறுகிறோம். ஒரே பீடத்தில் உண்டும் பிரிந்தே எழுந்து செல்லும் எங்கள் பாவத்தை மன்னித்தருளும். உமது உரிமைப்பேற்றைப் பிரித்துக்கொள்ள வழக்காடும் எங்களை, அதில் மகிழ்ந்து பங்கேற்கும் ஒரே குடும்பமாக உருவாக்கும். ஆமென்.